ஏழாவது கேள்விக்கு அவள் எழுதிய பதில்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கி வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்:

"நீங்க கதை எழுதுறவங்கதானே. எனக்கு ஒரு முடிவு எழுதித் தர முடியுமா?"

"முடிவு மட்டும் போதுமா? ஆரம்பம்?"

"ஆரம்பத்தை நானே பண்ணித் தொலைச்சுட்டேங்க."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை எழுதத் தொடங்கியபோது முதலில் வந்த வாக்கியம் இது: 'கரையானின் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் வருடக்கணக்காக ஆராய்ந்த ஒருவனுக்கு, பக்கத்து மேசைக்காரியின் மனசுக்குள்' — வேண்டாம். வாக்கியம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவரைக் குத்துகிறது. அந்த வேலையை அவரே தினமும் செய்துகொள்கிறார்.

2

நேராகவே சொல்கிறேன். அப்போது அவன் ஆராய்ச்சி மாணவன். (மேல்மாடிக்காரரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்த நாள்களின் ஆளை வேறெப்படி எழுதுவது?) ஐந்து வருடத்தில் முடித்திருக்க வேண்டிய ஆய்வு இழுத்துக்கொண்டே போனதால் லேபில் அவனுக்கு 'ஆறாம் வருஷம்' என்றே பெயர்.

பக்கத்து மேசையில் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி. அவனை அண்ணா என்பாள். லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்பதால் இருவரும் மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அவள் கையில் ஏதோ ராசி இருந்தது. சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நின்றுபோனால் கம்பெனி ஆள் வர மூன்று வாரம் ஆகும். அவள் மூடியைக் கழற்றி, காது வைத்துக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் ஓட வைத்துவிடுவாள்.

"பேசாம ஒரு மெக்கானிக் கடை வெச்சிடு" என்றான் அவன்.

"வெச்சா முதல் வண்டி உங்களோடதுதான் அண்ணா. ஆறு வருஷமா நடுரோட்டுல நிக்குது."

3

ஆராய்ச்சி மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'எதிர்காலத் திட்டப் படிவம்' ஒன்றை நிரப்பித் தர வேண்டும். ஏழாவது கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பணியில் இருக்க விரும்புகிறீர்கள்? எட்டாவது: அதற்கு உங்களிடம் இல்லாத திறன்கள் யாவை?

அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்தவரின் படிவத்தை வாங்கிப் பார்த்து எழுதுவார்கள். ஏழாவதற்கு, 'சிறந்த பேராசிரியராகி வருங்காலத் தலைமுறையை உருவாக்குவேன்.' எட்டாவதற்கு, 'குறிப்பிடும்படி ஏதுமில்லை.' இதை முதலில் யார் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. குடும்பச் சொத்து மாதிரி கை மாறி வந்தது.

(தலைமுறையை உருவாக்கக் கிளம்பியவர்களில் ஒருவர் இப்போது மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். ஒருவர் மாமனாரின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். கதைக்கு இது தேவையில்லை, கேட்டதும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது என்பதால் எழுதினேன்.)

4

அந்த வருடம் படிவம் கொடுக்கக் கடைசி நாளன்று அவளுடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து படிவத்தைப் போனில் அனுப்பிவிட்டுப் பேசினாள்.

"அண்ணா, பிரிண்ட் எடுத்து நம்ம கைடு மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்துடுங்க. நாலு மணி வரைக்கும்தான் டைம்."

"நீ அப்பாவைப் பாரு. இதெல்லாம் ஒரு வேலையா?"

பிரிண்ட் எடுப்பதற்கு முன் படித்தான். ஏழாவதற்கு அவள் எழுதியிருந்தாள்: 'எனக்குப் பாடம் நடத்த வராது. கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆய்வுக் கருவிகளைச் செய்கிற, சரிபார்க்கிற இடத்தில் வேலை செய்ய ஆசை.' எட்டாவதற்கு: 'மின்சுற்று வரைபடம் படிக்கத் தெரியாது. சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.'

அவனுக்குப் பகீர் என்றது. எல்லோரும் எழுதுவதையே எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மாற்றி எழுதினால் கமிட்டி வரை போகும். ஆராய்ச்சியில் ஆர்வமில்லை என்று உதவித்தொகையை நிறுத்திவிட்டால்? அதுவும் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரத்தில். ஒருமுறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. மணி மூன்றேகால்.

இரண்டு பதில்களையும் அழித்துவிட்டு, குடும்பச் சொத்தைத் தட்டச்சு செய்தான்.

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். சின்னச் சின்ன நல்ல காரியங்களை நம்புகிறவள் நான். ஒருவர் சுமையை இன்னொருவர் ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கடவுள் நிற்கிறார் என்று நிஜமாகவே நினைக்கிறேன். அவன் செய்ததும் அந்த மாதிரி ஒரு காரியம்தானே? அதனால் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை சேர்த்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். கதை சட்டென்று சுலபமாகிவிட்டது. அந்தச் சுலபம் பிடிக்காமல் மேல்மாடிக்காரரிடமே கேட்டேன்:

"துளிகூடப் பொறாமை இல்லையா?"

"இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்ங்க. கெட்டது பண்ணினேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருப்பேன். நல்லது பண்ணினதுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேட்கிறது?"

பொறாமைப் பத்தியைக் கிழித்துவிட்டேன்.

5

அந்த வருடம் ஒருவர் படித்தார். பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி, எல்லாப் படிவங்களையும் வரி விடாமல் படித்தார். ஆய்வுக் கருவி செய்யும் தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி, எட்டு இடங்கள். தன்னிடம் இல்லாததை ஒளிக்காமல் எழுதியவர்களைத்தான் எடுத்ததாகக் கூட்டத்தில் சொன்னார். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கூட்டத்துக்கு வரவில்லை. அறிவிப்புப் பலகையில் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மாடிப்படிக்கு வந்தாள்.

"உண்மையைத்தானே அண்ணா எழுதினேன். அப்படியும் எடுக்கல. அப்ப அதுக்கும் நான் லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்?"

அவன் வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றான்.

அடுத்த வருடமும் வந்தது. நான்காம் வருடத்துக்கு மேல் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் அவன் மேசைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, உங்க பழைய படிவத்தைக் கொஞ்சம் கொடுங்களேன். பார்த்து எழுதிக்கிறேன்."

கொடுத்தான்.

6

அந்த இடத்தைத்தான் மேல்மாடிக்காரர் மாற்றித் தரச் சொல்கிறார். மாற்றிப் பார்த்தேன்.

அ) கொடுக்காமல் உண்மையைச் சொல்கிறான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படிக்கு வந்து — இதை நான் மிகவும் விரும்பி எழுதினேன்.

ஆ) அதிகாரியிடம் போய் ஒப்புக்கொள்கிறான். ஒன்பதாவதாக ஓர் இடம் —

இ) அவளுக்குத் தெரியாமல் அவளுடைய பழைய பதில்களையே தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறான்.

இ-யை எழுதி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் அவளைக் கேட்காமல் அவளுக்காக எழுதுகிறான். அவன் மட்டுமா? மேலே இருக்கிற 'அ'-வில் அவளை மூன்றாம் நாள் மன்னிக்க வைத்தது யார்?

நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். அவள் இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியை. மாதத்துக்கு ஒருமுறை மேல்மாடிக்காரருக்குச் செய்தி அனுப்புகிறாள்: 'அண்ணா, இன்னிக்கும் பாதிப் பாடத்துல நின்னுட்டேன்.' அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புகிறார். பயிற்சி போனது போனதுதான். ஆனால் தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது முடிந்துபோன விஷயம் இல்லை.

7

நேற்று அவரை வரச் சொல்லி இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"முடிவைக் காணோமே."

"அது என்கிட்ட இல்லைங்க. அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு."

"இத்தனை வருஷம் கழிச்சு சொன்னா அவ தாங்குவாளா?"

"அன்னிக்கும் அவளுக்கு என்ன ஆகுமோன்னு நீங்களே முடிவு பண்ணித்தானே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் முகம் போன போக்கு அப்படி.

"ரொம்பக் கோபப்படுவா," என்றார்.

"படட்டும்."

"பேசாமலே போயிட்டா?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்தார். கதவைத் தாண்டும்போது சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்; மணி பார்க்கவா, வேறெதற்காகவா, தெரியாது. படியேறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் அங்கே கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். எனக்குக் கேட்டவரை, யாரும் இன்னும் பேசவில்லை.