இரண்டு கிலோ சமுத்திரம்

பதினோரு மீன்களைக் கொன்றுவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். கொன்றது தெரியாமல்தான் போனேன் என்பது எனக்குச் சாதகமான விஷயம். டப்பாவில் இருந்தது மீன் குழம்பு என்பது பாதகமான விஷயம்.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. வருஷம் 2003, ஜூன் மாதம். வரவேற்பறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் கடல் மீன்கள். அவற்றைப் பார்த்தால் மனம் அமைதியாகும் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் செல்போனில் கத்திக்கொண்டேதான் தினமும் அந்தத் தொட்டியைக் கடந்து போவார். நான் அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான்கு துடைப்பங்களுக்கும் ஒரு சாவிக்கொத்துக்கும் தலைவன். தொட்டி என் பொறுப்பு இல்லை. சனிக்கிழமைதோறும் முனிராஜ் என்பவர் ஸ்கூட்டரில் வந்து தண்ணீரில் கொஞ்சத்தை மாற்றிவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். ரிசப்ஷன் போனில் என்னைக் கூப்பிட்டார்.

“சின்னப்பா, எரடு கேஜி சமுத்ரத உப்பு ஹாக்பேக்கு.”

இரண்டு கிலோ சமுத்திர உப்பு போடவேண்டும். அதற்கு மேலும் கன்னடத்தில் நிறையச் சொன்னார். பாதி இருமலில் போயிற்று, பாதி லைன் கரகரப்பில் போயிற்று. நான் “ஆயித்து, ஆயித்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். புரியாதபோது சரி என்று சொல்லிவிடுவது என் வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான்.

யோசித்துப் பார்த்தேன். எந்த உப்பு சமுத்திரத்திலிருந்து வரவில்லை? ஹெப்பகோடியில் எங்கள் தெருக்கடையில் இரண்டு பாக்கெட் தூள் உப்பு வாங்கி வந்தேன். பாக்கெட்டில் அலை படமே போட்டிருந்தது. ஸ்டூல் மேல் ஏறி, சாம்பாருக்குப் போடுகிற மாதிரி நேராகத் தொட்டியில் கொட்டினேன். ஓரமாகக் கொஞ்சம் கிளறியும் விட்டேன்.

முனிராஜ் சொன்னதில் மீதி பிறகுதான் தெரிந்தது. மீன் தொட்டிக்கென்றே தனி உப்பு உண்டு. அதை ஸ்டோர் ரூமில் நீல டப்பாவில் வைத்திருக்கிறார். வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, அதற்குப் பிறகு ஊற்றவேண்டும்.

நான் கை கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது பதினொன்றும் மேலே மிதந்தன. வாசலில் காவல் நிற்கிற நாராயணசாமி சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த பேப்பரில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் என் மனைவி மகாவின் அண்ணன். வேலை வாங்கித் தந்தது நான். யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெரியதாக அமைந்ததும் என் ஏற்பாடுதான்.

பெரிய மீன்கள் ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், பொடிசுகள் ஒரு பக்கம் என்று வைத்திருந்தார்.

“இன்னா மச்சான், ஏலம் உடப் போறீங்களா?” என்றேன். பயம் வந்தால் எனக்கு வேடிக்கைப் பேச்சும் வந்துவிடும்.

அவர் பேப்பரைப் பார்த்தார். தான் பிரித்து வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துச் சுருட்டினார்.

“கைப் பழக்கம், மாப்ள.”

மேனேஜர் ராகேஷ் வந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மண்டே ஃபாரின் கிளையண்ட் வர்றாங்க, சின்னப்பா. தொட்டியில ஏதாவது நீந்திக்கிட்டு இருக்கணும். மீன் இல்லன்னா நீ எறங்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாராயணசாமியின் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். மகா சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று தெரு இருந்ததாம். எங்கள் கல்யாணத்துக்கு நான் போனபோது ஒரு தெரு இருந்தது. போன மார்கழியில் அவர்கள் வீடுதான் கடலைப் பார்த்த முதல் வீடு. தை பிறந்தபோது அந்த வீடு இல்லை. அலை எதுவும் திடீரென்று எழுந்து வரவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தின்றுகொண்டு வந்து, ஒரு மத்தியானம் சுவரையும் சாய்த்துவிட்டுப் போயிற்று. நாராயணசாமி கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். மாசியில் ஒரு துணிப்பையோடு எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்று நான் ஆறுதலாகச் சொன்னது இது: “கவலையே படாதீங்க மச்சான். பெங்களூரு மூவாயிரம் அடி மேல இருக்குது. கடல் இங்க வரணும்னா லிஃப்ட்டு புடிச்சாதான் வரணும்.”

அவர் சிரிக்கவில்லை. மகா என்னை அடுப்பங்கரைப் பக்கம் கூப்பிட்டு, கிள்ளினாள்.

சுற்றுச்சூழல் தினத்துக்காகக் கம்பெனியில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய தட்டி வைத்திருந்தார்கள். அவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் கேட்டார். “கடல் மட்டம் ஏறுதாம். இன்னும் நூறு வருஷத்துல கரையோர ஊருங்களுக்கெல்லாம் ஆபத்தாம்,” என்றேன்.

“நூறு வருஷமா,” என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு வெளிநாட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

இதற்கிடையில் நாராயணசாமிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வீடு இழந்தவர்களுக்குக் கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி மனை தருகிறார்கள். வருகிற புதன்கிழமை நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். வராதவர்களின் மனை வேறு ஆளுக்குப் போய்விடும். கடிதம் வந்து இரண்டு வாரம். அவர் அதை நான்காக மடித்து யூனிஃபார்ம் சட்டைப் பையில் வைத்திருந்தார். போகிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

“கேட்டியா?” என்று மகா தினமும் என்னைக் கேட்பாள்.

“கேட்டேன். பாக்கலாம்னாரு.”

“நீ எப்படிக் கேட்ட?”

நான் எப்படிக் கேட்டேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். புது மனையில் மீன் வலைக்குப் பதில் கொசுவலைதான் கட்டவேண்டும் என்று ஒரு நாள் கேட்டிருந்தேன். மூன்று கிலோமீட்டருக்கு வலையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போவீர்களா என்று இன்னொரு நாள்.

“போனாலும் சரி, இருந்தாலும் சரி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள் மகா. “வாயத் தொறந்து சொல்லணும். ஊடு போனதுக்கு ஒரு சொட்டு அழுவல அவரு. எனக்கு அதான் பயமா கீது. நான் கேட்டா நான் அழுதுடுவேன், அவரு எழுந்து போயிடுவாரு. நீ கேளு. ஒரே ஒரு வாட்டி மனுஷன் மாதிரி கேளு.”

ஞாயிற்றுக்கிழமை காலை முனிராஜ் காய்ச்சலோடு, தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டரின் முன்னால் அரை மூட்டை மீன் தொட்டி உப்பு. “என்ன குரு நீனு, மீனுக்கு உப்பு, காரம் பார்த்தியா?” என்றார். தமிழ் பாதி, கன்னடம் பாதி, தும்மல் மீதி.

கம்பெனியில் வேறு யாரும் இல்லை. நான், முனிராஜ், நாராயணசாமி மூன்று பேரும் தொட்டியைக் காலி செய்து, கழுவி, பெரிய டிரம்மில் புதுத் தண்ணீர் பிடித்தோம். கரைக்கும்போது முனிராஜ் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். “இது கெரே, கொத்தா, தெரியுமா? ஏரி. நான் ஸ்கூல் கட் அடிச்சி இங்கதான் ஈஜு அடிப்பேன்.” நீச்சலடித்த இடத்தில் இப்போது பளிங்குத் தரை. பெருமழை பெய்தால் கல் இடுக்குகளில் தண்ணீர் ஊறி வரும். பிளம்பர் நான்கு முறை வந்தும் குழாயில் எந்த ஓட்டையும் கண்டுபிடிக்கவில்லை. அதைத் துடைப்பது என் இலாகா. அந்த ஜூனில் மழையே இல்லை. பெங்களூரில் மின்விசிறி வாங்கியவர்களை ஒரு காலத்தில் நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஓடுகின்றன.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்க முனிராஜிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தும்மல் வந்ததால் அதை என்னிடம் ஒரு நிமிஷம் பிடிக்கக் கொடுத்தார். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. துண்டுகளை நானே கூட்டிப் பெருக்கினேன்; அதில் எனக்கு அனுபவம் உண்டு.

“ஞாயித்துக்கெழமை எந்தக் கடை தெறந்திருக்கும்?” என்று முனிராஜ் டிரம் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நாராயணசாமி டிரம்முக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“பத்தாது,” என்றார்.

முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் ஒரு கிண்ணம் உப்பைப் போட்டுக் கரைத்தேன். அவர் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தார். “இன்னும்.” இன்னொரு கிண்ணம். எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்று மகா கேட்டால்கூட “இருக்கட்டும்” என்று சொல்கிறவர் அவர். இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கொஞ்சம் அசைத்தார்.

“எந்த மாசத்துக் கடலு வேணும்?” என்று கேட்டார்.

“என்ன?” என்றார் முனிராஜ்.

“ஐப்பசில ஆத்துத் தண்ணி வந்து சேரும், உப்பு எறங்கிடும். வைகாசில ஏறும். எது வேணும்?”

“எதுல மீனு சாகாதோ அது போதும் அண்ணா,” என்றார் முனிராஜ். அவர் யாரையும் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“அப்போ மாசிக் கடலு,” என்றார் நாராயணசாமி. அரைக் கிண்ணம் கேட்டார். போட்டேன். ருசி பார்த்தார். “இதான். நிறுத்திக்கோ.”

தொட்டியை நிரப்பினோம். நாளைக் காலையில் தாக்குப்பிடிக்கிற மீனாக ஆறேழு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு முனிராஜ் ஸ்கூட்டரில் கிளம்பினார். நாராயணசாமி தொட்டிக்கு எதிரே விருந்தாளிகள் உட்காரும் சோபாவில் உட்கார்ந்தார். காவலாளிகள் அதில் உட்காரக் கூடாது. அதைச் சொல்லவேண்டியது நான். சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டியில் மீன் எதுவும் இல்லை. தண்ணீரும் விளக்கும் மட்டும் இருந்தன. மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளின் முகத்தில்கூட அதைவிட ஏதாவது தெரியும்.

நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை வந்து நின்றது. நல்ல வேடிக்கைதான். அதை விழுங்கினேன்.

“மச்சான், புதன்கெழமை போறீங்களா இல்லியா?”

அவர் தொட்டியைப் பார்த்தபடியே “போவல,” என்றார்.

ஏன் என்பதையும் அவரே சொன்னார்.

“ஊடு போன எட்டாம் நாளு படகு எடுத்துக்கினு போனேன். செவுரு இன்னும் தண்ணிக்கடியில கீது. அந்த மாதிரி எடத்துல மீனு வந்து ஒதுங்கும், அது எனக்குத் தெரியும். அங்கியே வலை உட்டேன். எங்க ஊட்டு மேலயே. மீனு நல்லா பட்டுது, மாப்ள. அந்த வருஷத்துல அவ்ளோ பட்டதே இல்ல. கொண்டாந்து வித்தேன். மீதிய வறுத்துத் துன்னேன். இப்ப அழுவ வரும், இப்ப வரும்னு பாத்துக்கினே துன்னேன். வரல.”

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, பிரிக்காமல், எங்கள் இருவருக்கும் நடுவில் சோபாவில் வைத்தார்.

“மூணு கிலோமீட்டர் தள்ளி ஊடு குடுத்தா, நான் விடிகாலைல எழுந்து நேரா அந்த எடத்துக்குத்தான் போவேன். மீனு அங்கதான் நெறைய நிக்கும். போனா எங்க ஊட்டு மேல வலைய உடாம வரமாட்டேன். அது கூடாதுன்னுதான் போவல. நெலம் வாணாம். மகா கிட்ட நானே சொல்றேன்.”