குரங்குக் கூடத்தில் வயிற்றுக்கடுப்பு

ஒற்றசேகரமங்கலம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் குரங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் டாக்டர் அஜிஷா. வெள்ளறடைக்காரி. ஒரு மிருகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவாள். அந்த விஷயத்தில் அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை, கூட வேலை செய்தவர்களுக்கும் இருந்தது.

அன்று காலை கூடத்தின் கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. மாளு என்று அவர்கள் கூப்பிடும் பெண் குரங்கு, கூண்டின் மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. தரையில் சளியும் இரத்தமுமாகப் பேதி. பக்கத்துக் கூண்டுகளிலும் அதே கோலம்.

“நேற்று சாயங்காலம் நல்லாத்தான் இருந்துது டாக்டரே. இப்பம் பழம் நீட்டினாலும் திரும்பிப் பாக்கல்ல,” என்றான் சஜன். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

அஜிஷா மாளுவின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டது. உடனே நரம்பில் சலைன் ஏற்றினாள்.

நிலையத்தின் தலைவர் அரவிந்த் பதறிக்கொண்டு வந்தார். தடுப்பூசி ஆய்வு ஒன்று தொடங்க இருந்தது.

“எல்லாத்துக்கும் தீனியில மருந்து கலந்து போடுங்க அஜிஷா. ஒரே அடியா தீந்துரும்.”

“தீராது சார். நோவுள்ளது தீனியே திங்காது. நோவில்லாதது மருந்தைத் திங்கும். கிருமிக்குத்தான் அது பழக்கமாகும். என்ன கிருமிண்ணு தெரியட்டும், பிறகு மருந்து.”

அவள் சொன்ன விதத்தைப் பார்த்து அவர் ஒத்துக்கொண்டார். மலத்தின் மாதிரிகளைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டு, நோய்ப்பட்டவற்றைத் தனியே பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் சலைன் ஏற்றினாள்.

பதில் வந்தது. ஷிகெல்லா என்ற வயிற்றுக்கடுப்புக் கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்கு அது அசையாது, வேறொரு மருந்துக்குத்தான் சாகும். அந்த மருந்தை வரவழைத்து ஊசி போட்டாள். அத்தோடு அவள் நிற்கவில்லை.

“இது காட்டிலயிருந்து வாற கிருமி இல்ல சார். மனுஷங்கிட்ட இருந்துதான் குரங்குக்குப் போவும். நமக்குள்ள யாரோ சுமக்குறோம். எல்லாரும் சோதனைக்குக் குடுக்கணும்.”

“எல்லாரும்னா?”

“சாரும் நானும் உள்பட.”

அரவிந்தின் முகம் போன போக்கைப் பார்த்துச் சஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் மலம் எடுத்த டப்பாவை முதலில் கொண்டு வைத்தவள் அஜிஷாதான். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களின் கூச்சமும் போயிற்று.

முடிவு அவளுடைய கைப்பேசிக்கு வந்தது. எல்லாருக்கும் ‘இல்லை’. ஒருவருக்கு மட்டும் ‘உண்டு’. அதே கிருமி, அதே மருந்துக்கு மட்டும் கட்டுப்படும் வகை. பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்.

காது மடல் சுட்டது. காட்டாக்கடையில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டு இரண்டு நாள் வயிறு கலங்கியது நினைவுக்கு வந்தது. சரியாகிவிட்டது என்று வேலைக்கு வந்திருந்தாள். மாளு கையுறையைப் பிடித்து இழுக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டுப் பழம் ஊட்டியதும் அவளேதான்.

நேராக அரவிந்தின் அறைக்குப் போனாள்.

“நான்தான் சார்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சாரமில்ல, போட்டும். வெளிய தெரியண்டாம். அறிக்கையில ‘ஊழியர் ஒருவர்’ண்ணு மட்டும் எழுதுவோம்.”

“அப்படி எழுதினா நாளைக்கு எல்லாரும் சஜனைத்தான் பாப்பாவ. கூண்டு கழுவுறவன் அவனாக்கும். எனக்க பேரையே எழுதுங்க சார்.”

அவர் எழுதினார்.

வீட்டில் அவளுடைய அம்மா ராஜபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். “குரங்குக்கு நோவு குடுத்த டாக்டருண்ணு ஞாயித்துக்கிழம சபையில சொல்லுவாவளே மோளே!”

“சொல்லட்டும் அம்மா. அதே டாக்டர்தான் மருந்தும் குடுத்தாண்ணு சேத்துச் சொல்லச் சொல்லுங்க.”

அவளும் மருந்து சாப்பிட்டாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே காணொளியில் ஒவ்வொரு கூண்டாகக் காட்டச் சொல்லி, எதற்கு எவ்வளவு சலைன் என்று சஜனோடு இருந்த உதவி மருத்துவர் மினிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழட்டு ஆண் குரங்கு ஒன்று பிழைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மற்றவை ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன.

“டாக்டரே, மாளு எனக்க தொப்பியைப் பிடுங்கிப்போட்டுது!” என்று ஒருநாள் காலை சஜன் கத்தினான். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அஜிஷா வாய்விட்டு அழுதாள்.

கிருமி போய்விட்டது என்று சோதனை உறுதி சொன்ன பிறகே அவள் வேலைக்குத் திரும்பினாள். வந்ததும் அரவிந்திடம் இரண்டே இரண்டு கேட்டாள்: வயிறு சரியில்லை என்று யார் சொன்னாலும் சம்பளத்தோடு லீவு. கையுறை கழற்றினால் டாக்டராக இருந்தாலும் கூடத்துக்கு வெளியே. அவர் ஒத்துக்கொண்டார். ஆய்வையும் தள்ளிவைத்தார்.

மழை பிடித்த ஒரு காலையில் சஜன் கூப்பிட்டான். குரலில் தயக்கம்.

“டாக்டரே, காலத்தே முதல் வயிறு ஒரு மாதிரி. இண்ணைக்கு நான் வரல்ல.”

“வராண்டாம் மக்கா. நல்லா வெள்ளம் குடி, டப்பாவைக் குடுத்தனுப்பு,” என்றாள் அஜிஷா. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, தீனிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனாள்.