தடங்கலில்லாமல் படித்தவள்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. வாலுவின் பழைய விடைத்தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன். பையை வாசலிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். மருத்துவமனையில் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆனாலும் வாலு தடங்கலில்லாமல் படித்துவிட்டாள். ஆகவே பாதகமில்லை என்று நினைக்கிறேன்.

கடைசி வரியை அடித்துவிட்டு, வேறு வரி கிடைக்காமல் மறுபடி அதையே எழுதினாள் பெரியவள். அவள் சுபாவம் அப்படி. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு, வீடு திரும்பியதும் நாட்குறிப்பு. சோப்பு தீர்வதற்கு முன்பே சோப்பு வாங்க வேண்டும் என்று எழுதி ஒட்டுகிறவள். "எங்க அக்கா தும்மணும்னாகூட முன்னாடியே குறிச்சு வெச்சுட்டுத்தான் தும்முவா" என்பாள் தங்கை. அந்த வாய்க்காகத்தான் தங்கைக்கு வாலு என்று பெயர்.

வாலுவின் வாய்க்கு இருக்கிற வேகம் கண்ணுக்கு இல்லை. அச்சடித்த பக்கத்தைப் பார்த்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அவள் ஒரு வரியைக் கடப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பக்கத்தையே புரட்டியிருப்பார்கள். ஆனால் காதில் விழுந்தது எதுவும் வீணாகாது. ஒரு பாடத்தை ஒருமுறை கேட்டால் மறுநாள் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. நுழைவுத் தேர்வின் மாதிரித் தாள்களில் அவள் எழுதியவை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தாளில் பாதி வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

"இவளுக்குப் படிப்பு வராம இல்லம்மா, நேரம்தான் பத்தல," என்று பள்ளி ஆசிரியை அம்மாவிடம் சொன்னார். "மருத்துவமனையில வாசிப்புப் பரிசோதனை ஒண்ணு பண்ணுவாங்க. சான்றிதழ் வாங்கிக் குடுத்தா தேர்வுல கூடுதல் நேரம் தருவாங்க. அது கிடைச்சா இவ கண்டிப்பா வந்துடுவா."

அம்மா சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். விடுப்புக் கேட்டால் வேலையே போய்விடும். ஆகவே பொறுப்பு பெரியவள் தலையில் விழுந்தது. பரிசோதனை என்று கேட்டதுதான் தாமதம், அட்டவணை போட்டுவிட்டாள். மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தில் பக்கத்து அறையில் சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி மாதிரித் தாள்களை நகலெடுத்து வந்தாள். சத்தமாக வாசிக்க வேண்டிய பத்திகள், அர்த்தமே இல்லாத சொற்களின் வரிசைகள், இப்படி ஒரு கட்டு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசிப்பாள், வாலு திருப்பிச் சொல்வாள். முதலில் வாலுவின் வாய் முன்னே ஓடிவிடும், விரல் ஒரு வரி பின்னே கிடக்கும்.

"விரலையும் வாயையும் சேர்த்து ஓட்டுடி. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"படிக்கத் தெரியலைன்னு நினைப்பாங்க. அதுக்குத்தானே போறோம்?"

"எதுத்துப் பேசாத. நல்லா பண்ணாத்தான் எதையும் குடுப்பாங்க."

வாலு சேர்த்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

பரிசோதனை அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் பல். "அக்கா, எல்லாம் நம்ம தாளுதான்! முன்னாடி பார்த்திருக்கியான்னு அந்த மேடம் கேட்டாங்க. இல்லவே இல்லைன்னுட்டேன்."

"நல்ல வேளை," என்று பெரியவள் மூச்சு விட்டாள்.

திரும்பும் பேருந்தில் வாலு வாயை மூடவில்லை. "எனக்கு முன்னாடி உள்ள போனானே, வெள்ளை ஷூ, அவன் ஒரு கதை சொன்னான் கேளு. தப்புத் தப்பா படிக்கிறதுக்கு ஒருத்தர்கிட்ட டியூஷன் போனானாம்! எந்த இடத்துல திக்கணும், எப்பக் கண்ணைக் கசக்கணும், எல்லாம் சொல்லிக் குடுத்தாங்களாம். பாவம்க்கா. எனக்கெல்லாம் அது சும்மாவே வரும்."

"வசதி இருந்தா எதுக்கெல்லாம் டியூஷன் வைக்கிறாங்க பாரு," என்று பெரியவளும் சேர்ந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். தம் முறை வரும்வரை சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டைக்குப் பக்கத்திலேயே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரிவரை மளமளவென்று ஒப்பித்தார்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, மனப்பாடம் பண்ணி எனக்கு ஒப்பிச்சா உங்களுக்குக் கண்ணாடி எப்படிக் குடுப்பேன்? எது தெரியலையோ அதைச் சொல்லத்தானே உங்களை உக்கார வெச்சிருக்கேன்?"

"என்ன பண்றது முதலாளி? கேள்வி கேட்டா சரியா பதில் சொல்லணும்னே வளர்த்துட்டாங்க."

கடையே சிரித்தது. பெரியவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. இயந்திரத்தில் பிடித்திருந்த லென்ஸ் அளவுக்குமேல் தேய்ந்துகொண்டே போனது. அவள் கையை எடுக்கவில்லை.

"என்னம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறியா?" என்று முதலாளி அதட்டியதும், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நேரே மருத்துவமனைக்கு ஓடினாள்.

வாலுவைப் பரிசோதித்த மதிப்பீட்டாளர் அம்மாள் பெரியவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இங்க வர்ற எல்லாரும் முடியலைன்னு காட்டத்தான் வர்றாங்க. சில பேரு முடியறதையும் முடியலைன்னு காட்டுவாங்க. எனக்குப் புரியும். ஆனா மதிப்பெண்ல அது தெரியாது, நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். முடியாததை முடியும்னு காட்டினது நீங்கதாம்மா."

"இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க மேடம். வேற தாள் குடுங்க. அவளுக்கு நிஜமாவே வராது மேடம்."

"ஒரு வருஷம் கழிச்சுத்தான் வைக்கலாம். அதுக்குள்ள வெச்சா செல்லாது. அன்னிக்குப் பழைய விடைத்தாளாவது கையில இருந்திருந்தா எனக்கே சந்தேகம் தட்டியிருக்கும்."

"இப்பவே கொண்டு வரேன்."

"அறிக்கை நேத்தே உங்க பள்ளிக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் போயிடுச்சு."

"தப்பு என்னோடது. அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. என்மேல எழுதிக்கோங்க மேடம்."

"உன்மேல எழுதறதுக்கு இதுல எங்கேயும் இடமில்லம்மா," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

வீட்டில் வாலு பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அறிக்கை.

"டீச்சர் படிச்சுக் காட்டினாங்க," என்றாள். ஆசிரியையின் குரலிலேயே அப்படியே ஒப்பித்தாள்: "'வாசிப்பு வேகம் வயதுக்கு ஏற்றதாக உள்ளது. கூடுதல் நேரம் தேவைப்படவில்லை.' அப்போ எனக்கு எந்தக் குறையும் இல்லக்கா. வெறும் மக்குதான்."

"இல்லடி."

"இவ்வளவு நாளும் நீங்கள்லாம் எனக்காக ஒரு காரணம் தேடிக்கிட்டு இருந்தீங்க. இப்ப அதுவும் போச்சு."

பெரியவள் எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியவற்றை வரும் வழியில் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வரிசை கலைந்துவிட்டது. லாரி ஓட்டுநர் முதலில் வந்தார், பிறகு மாதிரித் தாள், பிறகு விரல். "நீ திக்கித் திணறியிருந்தா குடுத்திருப்பாங்க. உன்னைத் திக்கவிடாம பண்ணினது நான்தான். நீ மக்கு இல்ல. நான்தான் மக்கு."

வாலு மடியிலிருந்த அறிக்கையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நல்லா படிச்சு ஃபெயிலான ஒரே ஆளு நான்தானா?" என்றாள் கடைசியில்.

வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தாள். குரல் பாதியிலேயே உடைந்தது.

"அந்த வெள்ளை ஷூவுக்கு?"

"கிடைச்சிருக்கும்."

வாலு தலையாட்டினாள். அறிக்கையை மடித்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரியவள் அவள் முதுகில் கைவைத்தாள். வாலு தட்டிவிடவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பெரியவள் எழுதினாள்:

மார்ச் 14, வெள்ளி. வாலுவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட மாட்டேன் என்கிறாள். அம்மாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

நாளை: நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடைக்குப் போகுமுன் வாலுவை எழுப்பி, படிவத்தை நிதானமாக வாசித்துக் காட்டி நிரப்ப வேண்டும். கூடுதல் நேரம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும்.