மேட்ச் நேரத்தில் ஊர் சுற்றுகிறவர்கள்

மெக்சிகோ டீம் ஆடுகிற நாளில்தான் எவேலியா உதட்டுச் சாயத்தை வெளியே எடுப்பாள். தலைநகரம் மொத்தமும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்காரும். அந்த நேரம் பார்த்து அவளும் புருஷன் பெத்தோவும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார்கள். கார் இல்லாத ரெஃபோர்மா சாலை, ஆள் இல்லாத அருங்காட்சியகம், வரிசையே இல்லாத சுர்ரோப் பலகாரக் கடை. கொரியாவில் உலகக் கோப்பை நடந்தபோது ஒரு ஆட்டம் விடிந்தும் விடியாமலும் வந்தது. அப்போதும் பல்லைத் தேய்த்த கையோடு இருவரும் கிளம்பிவிட்டார்கள். இந்த ஜோடிக்குக் கிறுக்கு என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டி வெகுகாலமாகிறது.

ஆரம்பித்தது எண்பத்தாறில், கோப்பை இதே ஊரில் நடந்தபோது. இருவருக்கும் ஒரே செருப்புக் கடையில் வேலை. அவள் கல்லாவில், அவன் கிடங்கில். எவேலியாவுக்கு நாலு அண்ணன்கள். அந்தத் தடியன்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, கடை வேலைக்கு அல்லாமல் அவள் வாசலைத் தாண்ட ஒரே ஒரு நேரம்தான் உண்டு, மெக்சிகோ ஆடுகிற நேரம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் அலமேதா பூங்காவுக்கு வா" என்றாள் அவனிடம். "நீ ஒண்ணும் ஃபுட்பால் பைத்தியம் இல்லையே?"

"சே, அதையெல்லாம் எவன் பாப்பான்" என்றான் பெத்தோ.

இந்த ஒரு வார்த்தைக்காகவே இவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பொழுது விடிந்தால் பந்து, பொழுது போனால் பந்து என்று கத்துகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

நாற்பது வருஷம் கழித்துக் கோப்பை மறுபடி ஊருக்கு வந்திருக்கிறது. அன்று நடந்த வழியிலேயே இன்று நடக்க வேண்டும், அதே இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று எவேலியா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை அது இங்கே வரும்போது தாங்கள் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கென்று சேர்த்து வைத்தது எதுவென்று கேட்டால், வீட்டையோ பிள்ளையையோ சொல்லமாட்டாள். இந்த நடையைத்தான் சொல்லுவாள்.

ஆனால் இந்தத் தடவை ஊர் காலியாக இல்லை. டிக்கெட் கிடைக்காத வெளியூர்க் கூட்டமெல்லாம் மதேரோ தெருவில் அலைமோதியது. முகத்தில் வர்ணம், தோளில் கொடி, கையில் செல்போன். சோக்காலோ சதுக்கத்தில் வைத்திருந்த பெரிய திரையின் இரைச்சல் இங்கே வரைக்கும் வந்தது.

"பாத்தியா கிழவா, நம்ம ஊரை வாடகைக்கு விட்டுட்டானுங்க."

"பாத்துட்டுப் போகட்டும் விடு. நாமளும் ஊர் பாக்கத்தானே வந்திருக்கோம்."

நீல ஓடு பதித்த பழைய மாளிகையின் முன்னால் நெட்டையான ஒருவன் செல்போனை பெத்தோவிடம் நீட்டி, படம் எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினான். பெத்தோ எடுத்துக் கொடுத்தான். எவேலியா எட்டிப் பார்த்தாள்.

"தலையை வெட்டிட்டியே."

"அவன் மாளிகையைத்தானே பாக்க வந்தான், தலையை அவன் ஊர்லயே பாத்துக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல மனநிலைக்கு வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அப்போதுதான் கவனித்தாள். அவள் ரோட்டுப் பக்கம் நடக்கிறாள், பெத்தோ சுவர்ப் பக்கம். இந்த ஊரில் பெண்ணை ரோட்டுப் பக்கம் விட்டுவிட்டு நடக்கிற ஆம்பிளையை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெத்தோ அப்படிப்பட்டவனும் இல்லை.

"மரியாதை எல்லாம் எங்க போச்சு?"

"முட்டி வலிக்குது. சுவரைப் பிடிச்சுக்க வசதியா இருக்கும்."

அவன் சுவரைத் தொடக்கூட இல்லை. கிழவனுக்கு வயசாகிறது என்று விட்டுவிட்டாள்.

அலமேதா பூங்காவில் பெஞ்சுகளெல்லாம் நிறைந்திருந்தன. அவர்களுடைய பெஞ்சில் ஒரு குடும்பம் கொடியை விரித்துச் சோளம் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து நீரூற்றின் கல் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எலுமிச்சை ஐஸ் விற்றவனைப் பற்றி எவேலியா சொல்ல ஆரம்பித்தாள். பெத்தோ தலையாட்டிக்கொண்டே இருந்தவன், திடீரென்று "அடச்சீ!" என்று தொடையில் அடித்துக்கொண்டான்.

"ஐஸ்காரனுக்கு எதுக்குடா அடச்சீ?"

அவன் பதில் சொல்வதற்குள் தெருமுனை மதுக்கடையிலிருந்து "ஓ..." என்று ஒரு கூட்டத்தின் பெருமூச்சு கிளம்பியது. அதன் பின்னாலேயே சோக்காலோ பக்கமிருந்து இன்னொன்று. நம்மவன் ஒரு கோலைத் தவறவிட்டிருக்கிறான். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அது பெத்தோவுக்குத் தெரிந்திருக்கிறது.

எவேலியா எழுந்து அவனுடைய மறுபக்கம் போனாள். வழியெல்லாம் சுவர்ப் பக்கம் இருந்த வலது காதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள். ஒயரோடு சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. தொலைந்துபோனது என்று அவள் எப்போதோ கைகழுவிய ரேடியோ. டிவியில் வருவதற்குள் இதில் வந்துவிடும்.

"எத்தனை நாளா?"

"தொண்ணூத்தி நாலுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி தொண்ணூறு?"

"தொண்ணூறுலதான் நம்மள ஆடவே விடலையே!" என்றான் பெத்தோ சட்டென்று. சொன்ன வேகத்திலேயே மாட்டிக்கொண்டான்.

எவேலியாவுக்கு அழுகை வந்தது. கோபம்கூட அப்புறம்தான். இத்தனை வருஷமும் இந்த ஆளின் ஒரு காதில் தான் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு காதில் எவனோ கத்திக்கொண்டிருந்திருக்கிறான். வீடு முழுக்கப் பந்து என்று தப்பித்து ஓடி வந்தால், வந்து சேர்ந்த இடத்திலும் அதே பந்து. அப்படியானால் அந்த முதல் நாளும் பொய்தானா?

"எண்பத்தாறுல?" என்றாள்.

"எண்பத்தாறுல காதுல ஒண்ணும் இல்ல."

"சத்தியமா?"

"கையிலதான் டிக்கெட் இருந்துச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு. ஆறு மாசம் காசு சேத்து வாங்கினது. நீ வான்னு சொன்னதும் நாச்சோகிட்டக் குடுத்துட்டேன்."

நாச்சோ அவனுடைய சித்தப்பா மகன். ஞானஸ்நானமோ கல்யாணமோ, எந்த விருந்தானாலும் ரெண்டு கிளாஸ் உள்ளே போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அந்தரத்தில் படுத்தபடி கத்தரிக்கோல் மாதிரி காலை வீசி அன்றைக்கு மெக்சிகோ அடித்த கோலை நடித்துக் காட்டுவான். போன வருஷம் அதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பெத்தோ அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அலுப்பு என்றுதான் எவேலியா நினைத்திருந்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"அந்தக் கோல் விழுந்தப்ப நாம இங்கதான் உக்காந்திருந்தோம். ஞாபகம் இருக்கா?" என்றான்.

இல்லாமல் போகுமா? நிலநடுக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். பூங்காவுக்கு எதிரில் இடிந்த ஹோட்டலின் மனை மொட்டையாகக் கிடந்தது. எங்கிருந்தென்று தெரியாமல் ஊர் முழுக்க ஒரு சத்தம் எழும்ப, மறுபடி பூமிதான் ஆடுகிறது என்று பயந்து அவன் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். நகம் பதிகிற மாதிரி. அவனை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கோலை டிவியில திரும்பத் திரும்பப் போடுவான்" என்றான் பெத்தோ. "எத்தனையோ தடவை பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் பந்து வலைக்குள்ள போறப்ப எனக்கு இந்தக் கை வலிக்கும். நாச்சோ ஸ்டேடியத்துக்குள்ளயே இருந்தான். அவனுக்கு வலிக்குமா, கேளு."

எவேலியா மூக்கைச் சிந்திக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"குடு இங்க."

"எது?"

"அந்தச் சனியனைத்தான்."

வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு?"

"நீ இவ்வளவு வருஷம் கேட்டது போதும்." கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். "இந்த ஆளு ஏன் மூச்சே விடாம கத்துறான்?"

"என்ன சொல்றான்?"

"எவனோ வலது பக்கமா ஓடுறானாம்."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஓடுறான்."

"நம்மாளா, அவங்காளா? அதையாவது சொல்லித் தொலையேன்டி!"

"வாயை மூடு, கேக்க விடு."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய புருவம் ஏறியது. சாயம் பூசிய வாய் மெல்லத் திறந்தது. எட்டி அவன் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அதற்கப்புறம்தான் மதுக்கடை அலறியது, ஜன்னல்கள் அலறின, சோக்காலோ பக்கமிருந்து ஊரே அலறிக்கொண்டு வந்தது. பெஞ்சிலிருந்த குடும்பம் சோளத்தைப் போட்டுவிட்டுக் குதித்தது. பெத்தோ எழுந்திருக்கவில்லை. கையை அப்படியே அவளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.