இன்னைக்கு என்ன கிழமை

தம்பி இறந்துபோன பிறகு மூத்தவர் வேலைக்குத் திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கிடங்குகளுக்குத் தகரக் கூரை போடும் வேலை. தம்பி தகரத்தைப் பிடிக்க, அவர் திருகாணி முடுக்குவார். இப்போது வெல்டர் பிடித்தான்.

தம்பியைப் பகடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் கேலி. போன கோடையில், உச்சி வெயிலில், கூரைமேல் நின்று, "அண்ணே, ஜன்னலச் சாத்து. சாரல் அடிக்குது" என்றான். கூரை அதிரச் சிரித்தார்கள். "குடை கொண்டாரச் சொல்லவாடா?" என்றார் மூத்தவர். "சாத்துண்ணே" என்றான் மறுபடி. அவன் முகத்தில் சிரிப்பில்லை. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கால் பின்னிச் சரிந்தான். உடம்பு கொதித்தது. நினைவில்லாதவன் வாயில் சோடா ஊற்றப் பார்த்தார்கள். மேலுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. "உளற ஆரம்பிச்சப்பவே, இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டுப் பாத்து, தண்ணியக் கொட்டியிருக்கணும்," என்றார் டாக்டர். அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் மூத்தவர் மனதில் நிற்கவில்லை.

இன்றும் உச்சி வெயில். வெல்டர் துளை போடும் மெஷினைக் காதில் வைத்து, "ஹலோ, ஐஸ் கம்பெனியா? ஒரு லோடு கூரைக்கு அனுப்புங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மூத்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "இன்னைக்கு என்ன கிழமை?"

"மாமியார் வர்ற கிழமைண்ணே."

அவர் அவன் சட்டையைப் பிடித்து ஏணிக்கு நடத்திப் போனார். தண்ணீர்த் தொட்டி நிழலில் படுக்க வைத்து, தலை, கழுத்து, அக்குள் என்று வாளி வாளியாக ஊற்றினார். அட்டையால் விசிறினார்.

"யோவ் அண்ணே, சும்மா சொன்னேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"சரி," என்று அடுத்த வாளியை ஊற்றினார்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கப்பா," என்றார் திரும்பாமலே. பின்னாலேயே இறங்கி வந்த பெயின்டர் போனை எடுத்தான்.

"ஐயோ வேணாம், என்னைப் பொணமாக்கிடாதீங்க" என்ற வெல்டர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "புதன்கிழமைண்ணே," என்றான் மெதுவாக. "உங்க பக்கத்துல நிக்கிறது பெயின்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

மூத்தவர் அவன் கண்ணைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பெயின்டரிடம், போனை வை என்று கை காட்டினார். வாளியில் மிச்சமிருந்ததை வெல்டர் காலில் ஊற்றினார்.

வெயில் தாழ்ந்துதான் மறுபடி ஏறினார்கள். கூரையின் அந்தக் கோடியிலிருந்து, யாரும் கேட்காமலே குரல் வந்தது.

"புதன்கிழமைண்ணே."

மூத்தவர் திருகாணியை முடுக்கினார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "புதன்தான்."

"ம்," என்றார்.