லண்டனுக்கு ஒரு பாயிண்ட்

என் மகள் வான்சிங் லண்டனிலிருந்து வந்து இறங்கிய அன்று காலை, நான் தவறான விமான நிலையத்தில் வெந்நீர் பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

சீனாவில் எங்கள் ஊரான செங்டூவில் இப்போது விமான நிலையங்கள் இரண்டு. இரண்டாவதைத் திறந்த நாளில் மகளுக்குப் படம் படமாக அனுப்பியவன் நான்தான். கூடவே ஒரு வரியும் எழுதினேன்: 'உங்க ஊர்ல இன்னொரு ரன்வே போடலாமா வேண்டாமான்னு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்களா?' இவ்வளவு பேசியவனுக்கு, அவளுடைய விமானம் அந்தப் புதியதில்தான் இறங்கும் என்பது உறைக்கவில்லை. கால் பழக்கத்தில் பழையதற்கே போய்விட்டது. முப்பது வருஷம் இந்த ஊரில் நகரப் பேருந்து ஓட்டியவன் நான். வழி தெரியாதவர்களுக்கெல்லாம் வழி சொன்ன வாய் இது.

போன் வந்தது.

"அப்பா, எங்க நிக்கிறீங்க?"

"வெளிய வர்ற கதவுக்கு நேரா. நீலச் சட்டை."

"நானும் கதவுக்கு நேராத்தான் நிக்கிறேன். நீலச் சட்டை நாலு பேர் இருக்காங்க. அதுல நீங்க இல்ல."

"உன் தலைக்கு மேல போர்டுல என்ன போட்டிருக்கு?"

வாசித்தாள். நான் என் தலைக்கு மேல் இருந்ததை வாசித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"லண்டன்ல ஆறு ஏர்போர்ட்ப்பா. இதுவரைக்கும் யாரும் என்னைத் தப்பான இடத்துல போய்த் தேடினதில்ல."

"அங்க உன்னைக் கூப்பிட யாரு வர்றா?" என்றேன்.

வழக்கப்படி அது எனக்கு ஒரு பாயிண்ட். சொன்ன பிறகு அவ்வளவு நல்ல பாயிண்டாகத் தெரியவில்லை.

வழக்கம் என்று சொன்னதை விளக்க வேண்டும். வான்சிங் படிக்கப்போய், அங்கேயே வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். அப்பாவும் மகளும் என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்று அவள் அம்மா கேட்டுவிடுவாள். உடம்பு எப்படி என்பதையும் அவளே கேட்டுவிடுவாள். மிச்சமிருப்பது ஊர்தான். அவள் போகும்போது எங்கள் ஊரில் மெட்ரோ ரயில் தடங்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்கு இருந்தன. இப்போது எண்ணுவதற்குக் கால்விரலும் வேண்டும். அங்கே அவள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு லிஃப்ட் கெட்டுப்போய், 'விரைவில்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அட்டையே நிறம் வெளுத்துவிட்டதாம். இங்கே பார்சல் மறுநாள் வாசலில். அங்கே குழாய் ரிப்பேர் செய்கிறவன் அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுப்பான். பேசி முடித்து நான் தேநீர்க் கடைக்குப் போனால், மாஜோங் கட்டை ஆடும் மேசையில் என் கூட்டாளி பெங் காத்திருப்பான்.

"ஸ்கோர் என்ன அண்ணே?"

"செங்டூ மூணு, லண்டன் சைபர்."

"அது எப்படி அண்ணே, வாரா வாரம் சைபர்? ஒரு மியூசியம் கூடவா இல்ல?"

"நடுவர் யாரு? நான்தானே."

ஒரு பாயிண்டும் நான் விட்டதில்லை. விட்டால் அவள் அங்கேயே தங்கிவிடுவாள் என்று ஒரு கணக்கு. கணக்கில் நான் எப்போதும் சுமார்தான்.

இந்த முறை அவள் சும்மா வரவில்லை. பாலங்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் இன்ஜினியர் அவள். ஊரின் தெற்குப் பக்கத்தில் புதிய பாலங்கள் கட்டும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. நல்ல பதவி. லீவு முடிவதற்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று என் மனைவி குய்ஃபென் உத்தரவு போட்டிருந்தாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவனை எங்கள் ஊரில் 'மெத்துக்காதுக்காரன்' என்பார்கள். அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவன் நான். ஆகவே வேலையைப் பற்றிப் பேசவில்லை. பாலத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

"லண்டன்ல அந்தப் பழைய பாலத்தை இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கியாம்மா?"

"விழாமப் பாத்துக்கிறேன்ப்பா. அதுதான் என் வேலை."

"இங்கன்னா அதுக்குள்ள நாலு கட்டியிருப்பே."

"இந்தா பாருய்யா," என்றாள் குய்ஃபென், "முயல் தலையைத் தின்னு. வாய் பிஸியா இருக்கட்டும்." எங்கள் ஊர்ப் பண்டமான கார முயல்தலைத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

நாலாம் நாள் வான்சிங் தனியாகக் கிளம்பினாள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நூடுல்ஸ் கடை. தடித்த நூடுல்ஸில் இனிப்பும் காரமும் சரிக்குச் சரியாக இருக்கும். பள்ளி விட்டதும் அங்கே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் பசியே இல்லை என்று நடிப்பாள்.

"நானும் வர்றேன்," என்றேன்.

"நான் பொறந்த ஊருப்பா இது. துணைக்கு ஆள் வேணுமா?"

மத்தியானம் தாண்டித் திரும்பினாள். நேராக அடுப்படிக்குப் போய் ஆறிப்போன சோற்றை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். கடைக்குப் போய்வந்தவள் பசியோடு வருவாளா? குய்ஃபென் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"சரியான ஸ்டேஷன்லதான் இறங்கினேன். மேல வந்தா ஒரு மாலுக்குள்ள நிக்கிறேன். மாலை விட்டு வெளிய வர்றதுக்கே கால் மணி நேரம். வந்து பாத்தா தெருவே இல்ல. இருந்த இடத்துல ஆறு வரிசை ரோடு. பள்ளிக்கூடம் எங்கயோ மாறிப் போச்சாம். வாசல்ல இருந்த மரம் மட்டும் இருக்கேன்னு கிட்டப் போனேன். நாலு பக்கமும் முட்டுக்கொம்பு. அது வேற மரம். வேற எங்கேயோ இருந்து கொண்டாந்து நட்டிருக்காங்க."

"நம்ம ஊர்ல மரத்துக்குக்கூட டிரான்ஸ்ஃபர் உண்டு," என்றேன்.

"அப்புறம் ஒரு சின்னப் பொண்ணுகிட்ட வழி கேட்டேன். நம்ம ஊர்ப் பேச்சுலதான் கேட்டேன். அவ நியூஸ் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாப் பதில் சொல்றா. சொல்லி முடிச்சுட்டு, அக்கா, ஊர் சுத்திப் பாக்க வந்தீங்களா, எந்த ஊர்னு கேக்கறா."

குய்ஃபெனின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"நீ என்ன சொன்னே?"

"லண்டன்னு சொன்னேன்மா. வேற என்ன சொல்றது? அதுக்கு அவ, 'அப்பிடியா அக்கா, நம்ம ஊர்ப் பேச்சு உங்களுக்கு நல்லாவே வருதே'ங்கறா."

எல்லோரும் சிரித்தோம். யாருடைய சிரிப்பும் நீளவில்லை.

மறுநாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் அந்தக் கடையைத் தேடிப் போனேன். கண்டுபிடித்து அவளை அங்கே உட்காரவைத்துவிட்டால் வழக்கு நம் பக்கம் என்று நினைப்பு. முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய தெருக்கள்! என் பழைய நிறுத்தம் ஒன்றின் பெயர் 'பல்பு தொழிற்சாலை'. பெயர் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலை இருந்த இடத்தில் காபிக் கடையும், வாசலில் ஆள் உயரப் பல்புச் சிலையும். அங்கிருந்து இடதுபக்கம் போனால் பள்ளிக்கூடம் என்று போனேன். இடதுபக்கம் இல்லை. அதாவது, திரும்புவதற்கு அந்தப் பக்கம் எதுவுமில்லை. முட்டி வலி எடுத்தபோது ஒரு கட்டடத்துக் காவல்காரரிடம் கேட்டேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிக் கொடுத்து, ரொம்ப மரியாதையாக விசாரித்தார்:

"ஐயா எந்த ஊர்? பிள்ளைங்களோட தங்க வந்திருக்கீங்களா?"

ஆமாம் என்றேன். இதை நான் வீட்டில் சொல்லவில்லை, பெங்கிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். பெங்குக்குப் படிக்கிற வழக்கம் கிடையாது. காய்கறி வாங்க மறந்துவிட்டேன் என்று அன்று திட்டு வாங்கியதோடு சரி.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வான்சிங் பால்கனிக்கு வந்தாள். எங்கள் வீடு இருபத்தேழாவது மாடி. கீழே மெட்ரோவுக்கு இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

தெரியும் என்று சொல்லப் பார்த்தேன். வாய் பழக்கத்தில் வேறு சொன்னது.

"ஒரு லிஃப்டைச் சரி பண்ணத் துப்பில்லாத ஊரு."

"ஆமாப்பா. துப்பில்லாத ஊருதான். நீங்க சொல்ற அத்தனையும் சரி. ரயில்ல போன் சிக்னல் இல்ல, ஒரு பல்லைப் பிடுங்கணும்னா மாசக்கணக்கா நிக்கணும், வாடகை கழுத்தை நெரிக்குது. இங்க எல்லாமே வேகம். உங்ககிட்ட நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லைல்ல?" தண்டவாளக் குழியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா அங்க கண்ணை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். இங்க ஒவ்வொரு தடவை வரும்போதும் நீங்க வந்து கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு. அதுவும் ரெண்டு ஏர்போர்ட்ல எதுன்னு தேடி."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 'வந்து தங்கினால் ஒரு வருஷத்தில் பழகிவிடும்.' ஆனால் ஒரு வருஷத்தில் ஊர் மறுபடி மாறிவிடும் என்பதும் தெரியும். நான்தானே அதைப் பதினொரு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வக்கீலாக இருந்தால் இதுதான் வம்பு: நம் வாதத்தை எதிர்த்தரப்பு நம்பிவிடும்.

"தேநீர் வேணுமா?" என்றேன்.

"வேணும்," என்றாள்.

கிளம்பும் நாளன்று மூவரும் மெட்ரோவில் போனோம். எந்த விமான நிலையம் என்பதைக் குய்ஃபென் மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். மூன்று முறையும் என்னைக் கேட்கவில்லை. பெட்டிக்குள் மிளகாய் விழுது மூன்று பாட்டில், சட்டைக்குள் சுற்றி. வான்சிங் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழியில் குய்ஃபென் கேட்டாள்:

"அங்க ஸ்டேஷன்லேர்ந்து உன் வீடு தூரமா? இந்தப் பெட்டியை எப்படித் தூக்கிட்டுப் போவே?"

வான்சிங் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"லிஃப்ட் ஓடாது. வலதுபக்கப் படியில ஏறணும், இடதுபக்கம் எப்பவும் ஈரம். மேல வந்ததும் பேக்கரி. ரொட்டியைக் கருக விடுறவன். அவன் வாசல்ல மூணு கால் நாய் ஒண்ணு படுத்திருக்கும், அது நகராது, நாமதான் சுத்திப் போகணும். அப்புறம் சாய்ஞ்ச தபால் பெட்டி. அதுக்கு எதிர்ல சாரம் கட்டின சர்ச், இவ போனதுலேர்ந்து சாரத்தை அவுக்கல. சர்ச்சைத் தாண்டி ரெண்டாவது தெரு, சிவப்புக் கதவு. சாவி சிக்கும். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த பையன்கூடக் காதில் இருந்ததைக் கழற்றினான்.

"நீ எப்பய்யா அங்க போனே?" என்றாள் குய்ஃபென்.

"நான் எங்க போனேன்? இவ வாரா வாரம் புலம்பினதுதான்."

உண்மையில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாயிண்ட் போட்டதெல்லாம் மறந்துவிட்டது. மூன்றா நான்கா என்று ஒரு வாரத்துக்கும் நினைவில்லை. ஆனால் அந்தத் தெரு மட்டும் தலைக்குள் அப்படியே நிற்கிறது, நான் ஓட்டிய ஏதோ ஒரு பேருந்துத் தடம் மாதிரி. பதினொரு வருஷத்தில் ஒரு நிறுத்தம்கூட மாறவில்லை. மாறியிருந்தால் எனக்கு எப்படி மனப்பாடம் ஆகியிருக்கும்?

வான்சிங் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நாய் செத்துப் போச்சுப்பா," என்றாள். "போன மாசம். உங்ககிட்ட சொல்லல."

"ஏன்?"

"அது புகார் இல்லையே."

ரயில் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. புதுக் கட்டடங்கள் வரிசையாக வந்தன. எப்போதும் நான் அவற்றைக் காட்டி எத்தனை மாடி என்று சொல்லுவேன். அன்று சொல்லவில்லை.

"சரி. லண்டனுக்கு ஒரு பாயிண்ட்," என்றேன்.

"எதுக்குப்பா?"

"நாய்க்கு வெச்சுக்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா, ஒரு தடவை வந்துதான் பாருங்களேன், என்றாள். இதை அவள் கேட்பது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் பதில், 'எங்க ஊர்ல இல்லாதது அங்க என்ன இருக்கு?' இப்போது அதற்குப் பதில் தெரிந்துவிட்டதால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. குய்ஃபென் எனக்காகக் காத்திருக்கவில்லை. "ஏப்ரல்ல நான் வர்றேன். இவர் வேணும்னா பின்னாடி வரட்டும்," என்றாள்.

வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போதே நான் விசாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். மாலை தேநீர்க் கடையில் பெங் காத்திருந்தான்.

"பொண்ணு தங்குதா அண்ணே?"

"இல்ல."

அவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். நல்ல மனிதன், ஆனால் அதிக நேரம் சும்மா இருக்க மாட்டான்.

"ஸ்கோர்?"

"ஒண்ணு, சைபர்."

"நமக்கா?"

"அவங்களுக்கு."

கட்டையைக் கீழே வைத்துவிட்டான். எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வான்சிங் வீடியோவில் வந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியதில் தோள் வலிக்கிறது என்றாள். பேக்கரியில் வேறொரு நாய்க்குட்டி வந்திருக்கிறதாம், நாலு காலும் இருக்கிறதாம். பிறகு ஒரு நல்ல செய்தி சொல்வதைப் போலச் சொன்னாள்:

"அப்பா, ஸ்டேஷன்ல ரெண்டு பேர் டூல்ஸோட வந்து லிஃப்டைத் திறந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள ஓடினாலும் ஓடும்."

என் முட்டி இருக்கும் நிலைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"அவசரப்பட வேண்டாம்னு சொல்லு," என்றேன். "ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே கிடக்கட்டும். எனக்கு அடையாளம் வேணும்."