பதினான்கு மரத் தொழிலாளிகள்

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள், கால்வாய்கள், நூற்பாலைகள், இருப்புப்பாதைகள். எல்லாம் அட்டையும் மரமும்தான். ஆனாலும் பக்கத்தில் ஒரு தண்ணீர் டம்ளரை வைத்தால் போதும், வீட்டுக்காரர் முகம் கறுத்துவிடும். குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது.

வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ஓ.டி., அதாவது ஓவர்டைம். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கண்ணாடி உலை ஒரு பொல்லாத ஜந்து. ஒருதரம் பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடப்பது இறுகிப்போய், உலையையே உடைத்தெடுக்க வேண்டியதுதான். ஆகவே அதன் முன்னால் எந்நேரமும் ஒரு சூப்பர்வைசர் நின்றாக வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரர் வராவிட்டால் மேனேஜர் ஓ.டி.க்குப் போன் போடுவார். ஓ.டி. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. இந்த விஷயம் அடுத்த ஷிப்டுக்காரருக்கும் தெரியும் என்பதால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் வயிற்றுவலி வந்தது.

அதனால்தான் மேசைமேல் இருந்த ஆட்டம் முடியவே இல்லை. ஒரு தேசம் நூறு வருஷத்தில் எப்படித் தொழில்மயமாகிறது என்பதை நான்கு பேர் உட்கார்ந்து விளையாடும் ஆட்டம் அது. சுரங்கம் தோண்டலாம், ஆலை கட்டலாம், கால்வாய் வெட்டிச் சரக்கு அனுப்பலாம். பாதி ஆட்டத்தில் ரயில் வந்துவிடும், கால்வாய் வெட்டினவர் கதி அதோகதி. விதிப்புத்தகத்தைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் லீவு வேண்டும். இதில் என்ன இன்பம் என்று கேட்பவர்கள் ஓ.டி.யின் பிழைப்பைப் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் ஒரு பல்ப் மாற்றவும் அவர் மேலிடத்தைக் கேட்க வேண்டும். இங்கே அவர் நினைத்தால் மலையைக் குடைவார். தப்புக் கணக்குப் போட்டுத் திவாலானாலும் அது அவருடைய சொந்தத் தப்பு. சொந்தமாக ஒரு தப்புச் செய்யும் சுகம் அந்த மனிதருக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை, பாவம்.

அன்றைக்குக் காலையில் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். பார்சல் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று பிரிக்கும் வேலை அவளுக்கு. பேச்சும் அப்படித்தான், பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

"இன்னைக்கு ஆட்டம் முடியணும். முடியலேன்னா நாளைக்கு இதெல்லாம் பரண்மேல. நான் மேசையில சாப்பிடணும்."

"முடிச்சிடலாம்மா."

"போன் வந்தா?"

ஓ.டி. காதில் விழாத மாதிரி நிலக்கரிக் கட்டைகளை அடுக்கினார்.

மனைவியும் ஆட்டத்தில் ஒருத்தி. மற்ற இரண்டு ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா. கால்வாய்கள் எல்லாம் அவருடையவை. இன்னொருவன் மனைவியின் தம்பி. பஸ் டிப்போவில் யூனியன் செயலாளர். அவனுக்குத் தறி மட்டும் சில இருந்தன. ஜெயிப்பதில் அவனுக்கு அக்கறையே கிடையாது, அக்கா பிஸ்கட் தருவாள் என்று வருபவன்.

மதியத்துக்குள் ஓ.டி. கை ஓங்கிவிட்டது. அவரிடம் ஒரு நூற்பாலை, இரண்டு சுரங்கம், சிவப்பு மரத்தில் சின்னச் சின்ன மனித உருவமாகப் பதினான்கு தொழிலாளிகள். இன்னும் கொஞ்சம் ஆடினால் அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் ஆட்டம் முடியும், அதுவும் அவர் ஜெயித்து. கையில் பதுக்கி வைத்திருந்த சீட்டை இறக்கினார். இரட்டை ஷிப்ட். சுரங்கத்தில் வேலை முடித்த அதே ஆட்களை அதே சுற்றில் ஆலைக்கும் அனுப்பலாம்.

"ஒரு நிமிஷம் மச்சான்," என்றான் மைத்துனன். "இவங்க இப்பத்தானே சுரங்கத்திலேர்ந்து வந்தாங்க?"

"ஆமா மாப்ள. சீட்டு இருக்கே."

"சீட்டு இருந்தா? மனுஷன் சாப்பிட வேணாமா? தூங்க வேணாமா?"

"அது மரம்டா."

"எல்லா முதலாளியும் அப்படித்தான் நினைக்கிறான்!"

பழக்கம் யாரை விட்டது! டிப்போவில் தினமும் செய்வதை இங்கேயும் செய்தான். பதினான்கு பேரையும் வழித்தெடுத்து ஆலை வாசலில் கூட்டமாக நிறுத்தினான். பிஸ்கட் உறையைக் கிழித்துப் பல்குத்தும் குச்சியில் ஒட்டி ஒரு கொடியும் நட்டான். பிறகு எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கேட் மீட்டிங் போட்டான். எட்டு மணி நேர வேலை, அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது, கோரிக்கை நிறைவேறும்வரை வேலைநிறுத்தம்.

"விதிப்புத்தகத்தில ஸ்ட்ரைக்கே கிடையாது!" என்று அலறினார் ஓ.டி.

"எந்த விதிப்புத்தகத்தில இருந்திருக்கு, சொல்லுங்க?"

பல் டாக்டரம்மாவின் படகுகள் கரி இல்லாமல் காலியாக நின்றன. "நான் மத்தியஸ்தம் பண்றேன்," என்றார் அவர். "வாயைத் திறந்துக்கிட்டுப் பேச முடியாம இருக்கறவங்க பக்க நியாயம் எனக்கு நல்லாப் புரியும்."

பேச்சுவார்த்தை தொடங்கியது. ஓ.டி. முதலில் கெஞ்சிப் பார்த்தார், பிறகு மிரட்டிப் பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, மர ஆட்களைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"இங்க பாருங்கப்பா, நாமெல்லாம் ஒரே குடும்பம். கஷ்ட நேரத்தில கைகொடுக்கலேன்னா எப்படி? உங்களைவிட்டா எனக்கு வேற யார் இருக்கா?"

"இதை நான் எங்கயோ கேட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க போன்ல."

ஓ.டி.க்குச் சுரீரென்றது. ஆமாம், மேனேஜரின் வார்த்தைகள்தான், அட்சரம் பிசகாமல். அவர் வாசலில் நின்ற பதினான்கு பேரையும் பார்த்தார். அவர்களுக்கு முகம் கிடையாது. அதனால் எல்லோரும் அவர் ஜாடையிலேயே இருப்பதுபோல் பட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. மைத்துனன் எட்டி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னய்யா, சௌக்கியமா? அவருக்கு மறுபடியும் வயித்துவலியாம். கிளம்பி வந்துடு."

ஓ.டி.யின் கை தன்னால் சட்டையைத் தேடியது. மனைவி அவரைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள்!

"வர முடியாது சார்," என்றார் ஓ.டி. தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "இங்க ஸ்ட்ரைக்."

"எங்க?"

"என் ஆலையில."

"உங்களுக்கு... ஆலை இருக்கா?"

"நூற்பாலை. ரெண்டு நிலக்கரிச் சுரங்கமும் இருக்கு."

"சொல்லவே இல்லையே சார்!" மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எத்தனை பேர் சார்?"

"பதினாலு பேர். எட்டு மணி நேரம்தான் வேலை செய்வோம்னு வாசல்ல நிக்கறாங்க."

"ஒத்துக்காதீங்க சார், கெடுத்துடாதீங்க! இளகின மனசு நமக்கு ஆகாது. எவனாவது ஒருத்தன் இருப்பான், எப்பக் கூப்பிட்டாலும் வர்ற இளிச்சவாயன். அவனைப் பிடிச்சுக்குங்க. நாங்க இங்க அப்படித்தானே..."

மேனேஜர் அங்கே நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது காலம் கடந்த பிறகுதான்.

ஓ.டி.யின் காது மடல் சிவந்தது. அவமானமும் கோபமும் ஒன்றாக ஏறின. இத்தனை வருஷம் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்பிக் கூப்பிடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தார்!

"ஒத்துக்கிட்டேன் சார்," என்றார். "எட்டு மணி நேரம். முதலாளிக்கும் சேர்த்து." போனை வைத்தார்.

மைத்துனன் விசிலடித்தான். பல் டாக்டரம்மா கொடியைப் பிடுங்கி மரியாதையாக ஓரத்தில் வைத்தார். ஓ.டி. தன் கையாலேயே இரட்டை ஷிப்ட் சீட்டை எடுத்துப் பெட்டிக்கு அடியில் திணித்தார். ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆட்டம் முடிந்தது. சத்தமில்லாமல் ஊரெல்லாம் தண்டவாளம் போட்டிருந்த மனைவி ஜெயித்தாள். ஓ.டி. கடைசி, தறியை வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றவனுக்கும் கீழே. ஆனாலும் ஓர் ஆட்டம் முடிந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு இரவு நால்வரும் மேசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். வயிற்றுவலிக்காரர் அரை மணியில் குணமாகி வேலைக்கு வந்துவிட்டதாகச் சேதியும் வந்தது.

மறுநாள் ஓ.டி. உள்ளே நுழைந்ததும் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். உங்க ஆளுங்க வேலைக்குத் திரும்பிட்டாங்களா?"

"திரும்பிட்டாங்க சார்."

"பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. ஷிப்ட் முடிஞ்சதும் போயிடறாங்க, அவ்வளவுதான்."

மேனேஜர் ஐயோ பாவம் என்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியது. ஓ.டி. சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே போகும் ஆட்களோடு சேர்ந்து வாசலைத் தாண்டினார்.